ஆஸ்திரேலியக் காட்டுத்தீ: பணம் கொடுக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெல்பர்னில் டிசம்பர் பிறந்து வெயில் ஏறினால் வடக்கிலிருந்து சுடுகாற்று அடிக்கும். வானம் என்றைக்குச் செம்மண் நிறத்துக்கு மாறுகிறதோ, அன்றைக்கே எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கேள்விகள் தொடங்கிவிடும். எங்கே கொடுப்பது, யாரை நம்புவது, பழைய துணி வாங்கிக்கொள்வார்களா, போன தடவை கொடுத்த பணம் என்ன ஆயிற்று? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய்த்தான் இதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் எந்த அறக்கட்டளையிலும் வேலை பார்க்கவில்லை. 2009இலும் 2020இலும் கொடுத்தவன், அதில் சிலதைத் தப்பாகக் கொடுத்தவன். அவ்வளவுதான் என் தகுதி.

முதலில், எந்தத் தீயைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இரண்டு தீ. ஒன்று, 2009 பிப்ரவரி 7. இங்கே அதைக் கறுப்புச் சனி என்பார்கள். அன்று மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. மாலைக்குள் விக்டோரியா மாநிலத்தின் மலையோர ஊர்கள் எரிந்துவிட்டன. 173 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மேரிஸ்வில் என்ற சின்ன சுற்றுலா ஊரில் தப்பிய கட்டடங்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை.

இன்னொன்று 2019–20 கறுப்புக் கோடை. அது ஒரே நாளில் முடிந்த கதை இல்லை, மாதக்கணக்கில் எரிந்தது. தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. எரிந்த நிலம் 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடி ஹெக்டேர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2009இல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்காரர்கள். 2020இல் உலகமே கையில் போனோடு உட்கார்ந்து, கருகிய கோலா விலங்கைப் பார்த்துக்கொண்டே கொடுத்தது. கீழே வரும் குழப்பங்களில் பாதி அந்த வேகத்தால் வந்தவை.

பணமா, பொருளா?

பணம்.

இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம். பணம் கொடுப்பதில் மனசு இல்லை, பொருள் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2009இல் நானும் மனைவியும் மூன்று பெட்டி கட்டினோம். போர்வை, பாத்திரம், பையனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள். அதற்கு அடுத்த மாதம், அப்படிச் சேர்ந்த பொருள்களைப் பிரிக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை போனேன்.

கிரிக்கெட் மைதானத்தில் பாதி இருக்கும் அந்தக் கிடங்கு. மரப்பலகைத் தட்டுகளின் மேல் கூரை வரை அட்டைப்பெட்டிகள். எனக்குக் கொடுத்த வேலை, பெட்டியைத் திறந்து ஆண், பெண், குழந்தை, குப்பை என்று நான்காகப் பிரிப்பது. குப்பைக் கூடைதான் சீக்கிரம் நிறைந்தது. ஒற்றைக் கால் செருப்பு, பித்தான் இல்லாத கோட்டு, காலர் கிழிந்த சட்டை. மதியத்துக்கு மேல் ஒரு பிரஷர் குக்கர் வந்தது. வெயிட்டும் இல்லை, கேஸ்கட்டும் இல்லை. நம்ம ஆள் யாரோதான் பரணிலிருந்து இறக்கியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று என்னைக் கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தது.

அந்தத் தீக்குப் பிறகு நாடெங்கிலும் இருந்து வந்து சேர்ந்த பொருள் 40,000 மரப்பலகைத் தட்டுகளுக்கு மேல். வைக்க மட்டும் 50,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் தேவைப்பட்டது. சம்பளத்துக்கு ஆள் வைத்து, லாரி வாடகை கொடுத்து, பிரித்து அனுப்பியதில் 80 லட்சம் டாலருக்கு மேல் செலவு. இலவசமாக வந்த பொருளுக்கு ஆன செலவு இது!

வீட்டைப் பறிகொடுத்தவர் பக்கமிருந்தும் பாருங்கள். அவர் தங்கியிருப்பது மச்சினன் வீட்டு ஹாலிலோ வாடகை கேரவனிலோ. ஐந்து போர்வை கொடுத்தால் எங்கே வைப்பார்? அந்த வாரம் அவருக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை, போன் சார்ஜர், அப்புறம் தன் அளவுக்கு ஒரு புது உள்ளாடை. இதை எந்தப் பெட்டியும் சரியாக ஊகிக்காது. கையில் நூறு டாலர் இருந்தால் அவரே கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்த நிறத்தில் வாங்கிக்கொள்வார். அவர் ஊர்க் கடைக்காரருக்கும் அன்றைக்கு வியாபாரம் ஆகும்.

2019 டிசம்பர் 31இல் நியூ சவுத் வேல்ஸ் தெற்குக் கடற்கரையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. ரொக்கம் வைத்திருந்தவர்தான் பெட்ரோல் போட முடிந்தது. அதே நாள் விக்டோரியாவின் மல்லகூட்டாவில் 4,000 பேர் அளவில் கடற்கரைக்கு ஓடினார்கள். ஊருக்குள் போகும் சாலை அடைபட்டுவிட்டது. ஜனவரி 3 அன்று கடற்படையின் சூல்ஸ் கப்பல் சுமார் 1,100 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. ஆட்களையே கப்பலில்தான் கொண்டுவர வேண்டியிருந்தபோது நம் பெட்டிகள் எந்த வழியாகப் போகும்?

அப்போ பொருளே கொடுக்கக் கூடாதா?

கேட்டால் கொடுங்கள். கிவிட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 2009இல் குயின்ஸ்லாந்தில் தொடங்கியது. இன்ன ஊரில் இன்ன பொருள் தேவை என்று அவர்கள் பட்டியல் போடுவார்கள். நம்மிடம் இருந்தால் சொல்லலாம், ஆள் பொருத்திவிடுவார்கள். தேவைப்படும் வரை பொருள் நம் வீட்டிலேயே இருக்கும் என்பதுதான் இதில் அழகு. கால்நடைக்கு வைக்கோல் கட்டு வேறு விஷயம். மேய்ச்சல் நிலம் எரிந்தபின் தப்பிய ஆடு மாட்டுக்கு அன்றைக்கே தீனி வேண்டும், அதை விவசாயிகள் தங்களுக்குள் லாரி பேசி அனுப்பிக்கொள்கிறார்கள்.

செலஸ்ட் பார்பர் திரட்டிய பணம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகவே இல்லையாமே? ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. ஆனால் போகவில்லை என்பதும் உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எதிர்காலத்தில் எங்கே கொடுப்பதானாலும் இந்தக் கதை உதவும்.

செலஸ்ட் பார்பர் ஒரு நகைச்சுவை நடிகை. 2020 ஜனவரி தொடக்கத்தில், தன் புகுந்த வீட்டார் இருந்த ஈடன் என்ற ஊரைத் தீ நெருங்கிய பதற்றத்தில், ஃபேஸ்புக்கில் ஒரு நிதித் திரட்டலைத் தொடங்கினார். இலக்கு 30,000 டாலர். சில நாளில் அது 5.1 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கொடுத்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல். ஃபேஸ்புக்கில் அதுவரை நடந்த எந்தத் திரட்டலும் அதன் பக்கத்தில் வரவில்லை.

ஃபேஸ்புக்கில் இப்படி ஒன்றைத் தொடங்கும்போது பணம் எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் நன்கொடை அறக்கட்டளை. 30,000 டாலருக்கு அது பொருத்தமான தேர்வு. எரிகிற தீயின் முன்னால் நிற்பவர்கள் அவர்கள், அதிலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆனால் தொகை கோடிகளில் ஏறியதும், கொடுத்தவர்கள் மனதில் வேறு வேறு ஆசை. சிலர் வீடிழந்தவருக்கு என்று நினைத்தார்கள், சிலர் கோலாவுக்கு என்று, சிலர் விக்டோரியாவுக்கு என்று. பார்பரும் மற்ற மாநிலங்களுக்கும் இறந்தவர் குடும்பங்களுக்கும் விலங்குகளுக்கும் பிரித்துத் தரப்போவதாகச் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது ஆவணத்தில் இல்லை.

அறக்கட்டளையின் பத்திரத்தில் இருந்தது இதுதான்: தீயணைப்புப் படைகள் கருவிகளும் வசதிகளும் வாங்கிப் பராமரிக்க, பயிற்சி கொடுக்க, அவர்களுடைய தன்னார்வப் பணிக்கான நிர்வாகச் செலவைச் சமாளிக்க. வீடு கட்ட என்றோ, விலங்கைக் காப்பாற்ற என்றோ ஒரு வரி இல்லை. அறங்காவலர்களே நீதிமன்றத்துக்குப் போய், எங்களுக்கு எதுவரை அனுமதி என்று கேட்டார்கள். 2020 மே 25 அன்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி மைக்கேல் ஸ்லாட்டரி பதில் சொன்னார். வேறு அறக்கட்டளைகளுக்கோ வேறு மாநிலத்துக்கோ விலங்குகளுக்கோ கொடுக்க முடியாது. காயம்பட்ட தீயணைப்பு வீரர்களுக்கும் பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் உதவ ஒரு நிதி வைக்கலாம். வீரர்களுக்கு உடல், மன நலப் பயிற்சியும் அதிர்ச்சியிலிருந்து மீள ஆலோசனை மையமும் ஏற்பாடு செய்யலாம். கொடுத்தவர்களில் சிலர் இதைத் தாண்டியும் எதிர்பார்த்திருக்கலாம் என்பதை நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டம் பத்திரத்தில் உள்ளதைத்தான் படிக்கும்.

என் அலுவலகத்தில் ஒருவர் தீர்ப்பு வந்த அன்று கொதித்தார், என் ஐம்பது டாலரைத் திருப்பிக் கொடுங்கள் என்று. எனக்கு அந்தக் கோபம் புரிந்தது, உடன்பாடு இல்லை. பத்திரத்தை மதிக்கவில்லை என்றால் நாளைக்கு நான் ‘பள்ளிக்கூடத்துக்கு’ என்று கொடுத்ததை யாரோ ‘மக்கள் ஆசைப்பட்டார்கள்’ என்று வேறு எதற்கோ திருப்பலாம். கோயில் உண்டியலில் போட்ட காசை அன்னதானத்துக்குத்தான் போட்டேன் என்று பிறகு சொல்லி என்ன பயன்? அன்னதானத்துக்கு என்று தனி உண்டியல் பக்கத்திலேயே இருந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம்.

சரி, அப்போ எந்த உண்டியல் எதற்கு?

தீயணைப்பு வீரர்களுக்கு என்றால் அந்தந்த மாநிலச் சேவை. நியூ சவுத் வேல்ஸில் ஆர்எஃப்எஸ், விக்டோரியாவில் சிஎஃப்ஏ. உள்ளூர்ப் படைக்கே நேரடியாகவும் கொடுக்கலாம். வீடிழந்த மனிதர்களுக்கு என்றால் செஞ்சிலுவைச் சங்கம், சால்வேஷன் ஆர்மி போன்றவை, அல்லது பேரிடர் வரும்போது மாநில அரசு அறிவிக்கும் தனி நிதி. விலங்குகளுக்கு என்றால் நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் போன்ற மீட்பு அமைப்புகள்.

கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தில் ‘இந்தப் பணம் இதற்குப் பயன்படும்’ என்று எழுதியிருக்கும் இரண்டு வரியைப் படியுங்கள். ‘எங்கள் பணிகளுக்கு’ என்று பொதுவாக இருந்தால், இந்தத் தீக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

செஞ்சிலுவைச் சங்கம் பணத்தை அமுக்கி வைத்துக்கொண்டது என்று செய்தியில் பார்த்தோமே?

2020 ஜனவரியில் பெரிய சத்தம் கிளம்பியது. அதுவரை 11.5 கோடி டாலர் அளவில் சேர்ந்திருந்தது, உடனடி உதவிக்கு என்று ஒதுக்கியது சுமார் 3 கோடி. மீதி எங்கே என்று அரசியல்வாதிகள் முதல் டீக்கடை வரை கேட்டார்கள். (இங்கே டீக்கடை இல்லை, காபிக்கடை. சத்தம் ஒன்றுதான்.) பிறகு வீடு முழுக்க எரிந்தவர்களுக்கான தொகையை 20,000 டாலராக உயர்த்தினார்கள். கடைசியில் அந்தக் கோடைக்கென்று அவர்களிடம் சேர்ந்தது 24 கோடி டாலர் அளவில்.

என் கருத்தைக் கேட்டால், தாமதத்தில் பாதிக்கு நியாயம் இருந்தது, பாதிக்கு விளக்கம் சரியாகச் சொல்லவில்லை. நியாயமான பாதி எது? முதலாவது, பொய் விண்ணப்பங்கள். கம்ப்யூட்டர் நிரலை வைத்தே நூற்றுக்கணக்கில் போலி மனுக்கள் குவிந்தன. அடையாள அட்டையும் வீட்டுப் பத்திரமும் வீட்டோடு எரிந்துவிட்ட ஒருவரையும் அந்த மோசடிக்காரரையும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது லேசில்லை. இரண்டாவது, வாடகைக்கு இருந்தவர், பாதி வீடு எரிந்தவர், வீடு நிற்கிறது ஆனால் பட்டறை போய்விட்டவர் என்று ஆயிரம் வகை.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசவில்லை. நாட்டுப்புறத்து ஆட்கள் கேட்கவே மாட்டார்கள். “என்னைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க, அவங்களுக்குக் குடுங்க” என்று எழுந்து போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து, இன்சூரன்ஸ் பணம் போதாது என்று தெரிந்தபின்தான் படியேறுவார்கள். முதல் மாதமே கஜானாவைக் காலி செய்திருந்தால் இவர்களுக்கு மிஞ்சியிருக்காது.

அரசு தரும் உடனடி உதவித்தொகை தனி. அது ஒரு பெரியவருக்கு 1,000 டாலர், ஒரு குழந்தைக்கு 400 என்று தொடங்கியது. அதையும் நன்கொடையையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2009இல் எப்படிக் கொடுத்தார்கள்?

மாநில அரசும் மத்திய அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து ஒரே நிதியாக வைத்தார்கள். 37 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு, அதன் தலைவராக விக்டோரியாவின் முன்னாள் ஆளுநர் ஜான் லாண்டி. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய இரண்டாவது மனிதர் அவர்தான். இவ்வளவு வேகமான ஆளை வைத்தும் ஏன் மெதுவாகப் போகிறது என்று அப்போதும் முணுமுணுப்பு இருந்தது! ஒரே நிதியாக இருந்ததில் ஒரு வசதி. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு அமைப்பின் வாசலிலும் போய்த் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் அப்படி இல்லை. ஒரே நாளில் நான்கு படிவம் நிரப்பியவர்களும் உண்டு.

நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்களா?

எடுப்பார்கள். 2020இல் செஞ்சிலுவைச் சங்கம் டாலருக்குப் பத்து சென்ட்டுக்கு மேல் போகாது என்றது. ‘நூற்றுக்கு நூறும் மக்களுக்கே’ என்று ஒரு அமைப்பு சொன்னால், அந்தச் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள் என்று பொருள். அரசோ, வங்கியோ. செலவே இல்லாமல் நடக்கிறது என்பதில்லை. போலி மனுவைப் பிடிக்கிற ஆளுக்கும் சம்பளம் வேண்டுமே.

மோசடிக்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

2020 ஜனவரியில் காட்டுத்தீ மோசடிகளைச் சொல்வதற்கென்றே நுகர்வோர் ஆணையம் தனித் தொலைபேசி எண் வைத்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், போனில் கூப்பிடுவார்கள், நிஜ அமைப்பின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி இணையதளம் போடுவார்கள்.

நான் செய்வது இது. யார் கூப்பிட்டாலும் “நன்றி, நானே இணையதளத்துக்குப் போய்க் கொடுக்கிறேன்” என்று வைத்துவிடுவேன். உண்மையான அமைப்புக்காரர் அதில் கோபப்பட மாட்டார். பிறகு அறக்கட்டளைகள் ஆணையத்தின் பதிவேட்டில் பெயரையோ அவர்களுடைய 11 இலக்கப் பதிவு எண்ணையோ (ஏபிஎன்) போட்டுப் பார்ப்பேன். அது 2012 முதல் இயங்கும் அரசு ஆணையம், ஏசிஎன்சி என்பார்கள். அமைப்பு எப்போது தொடங்கியது, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது எல்லாம் அதில் இலவசமாகக் கிடைக்கும். மேலே சொன்ன ஆர்எஃப்எஸ் அறக்கட்டளை, செஞ்சிலுவைச் சங்கம், வயர்ஸ் மூன்றின் கணக்கையும் கறுப்புக் கோடைக்குப் பிறகு அதே ஆணையம்தான் ஆராய்ந்தது. பணம் தவறான வழியில் போகவில்லை என்பது அதன் முடிவு.

பரிசு அட்டையாகவோ கிரிப்டோவிலோ கேட்டால் யோசிக்கவே வேண்டாம், மோசடி.

தெரிந்த ஒரு குடும்பத்துக்கு கோஃபண்ட்மீ என்ற நிதித் திரட்டல் இணையதளத்தில் கொடுக்கலாமா?

தெரிந்த குடும்பம் என்றால் தாராளமாக. சீக்கிரம் போய்ச் சேரும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் படத்தில் அழகாக அழுகிற குடும்பத்துக்கு லட்சம் சேரும், அதே தெருவில் இணையம் தெரியாத கிழவருக்கு ஒன்றும் சேராது. எனவே நான் பாதியை இப்படியும் பாதியைப் பொது நிதிக்கும் கொடுப்பதுண்டு.

வரிச்சலுகை உண்டா?

ஆஸ்திரேலியாவில் வரி கட்டுபவர் என்றால், டிஜிஆர் தகுதி, அதாவது வரிக்கழிவு தரும் நன்கொடை வாங்க ஒப்புதல், பெற்ற அமைப்புக்கு 2 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தனிக் குடும்பத்துக்கு கோஃபண்ட்மீயில் கொடுத்ததற்குக் கிடையாது. பதிலுக்கு ராஃபிள் சீட்டோ இரவு விருந்தோ வாங்கியிருந்தால் அது நன்கொடைக் கணக்கில் அப்படியே வராது.

சென்னையிலிருந்து அண்ணன் கேட்டார், நான் அனுப்பினால் இந்தியாவின் 80ஜி வரிச்சலுகை கிடைக்குமா என்று. கிடைக்காது, அது இந்தியாவில் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களுக்குத்தான். அனுப்புவதற்குத் தடை இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுமதி உண்டு. அண்ணன் அனுப்பியது அந்த வரம்புக்குக் கொஞ்சம் கீழே, நூறு டாலர்.

கோலாவுக்குக் கையுறை தைத்து அனுப்பலாமா?

வேண்டாம். இந்தக் கதை 2015லேயே ஒரு முறை நடந்தது. தீக்காயம் பட்ட கோலாக்களின் பாதத்துக்குப் பருத்திக் கையுறை வேண்டும் என்று ஒரு விலங்கு நல அமைப்பு கேட்டது, உலகம் முழுக்க இருந்து மூட்டை மூட்டையாக வந்து, போதும் போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 2020இல் மறுபடி. இந்தத் தடவை கங்காரு, வாலபிக் குட்டிகளுக்கான பைகள். தாயின் வயிற்றுப் பை மாதிரி இருட்டாகவும் கதகதப்பாகவும் இருக்க வேண்டும், உள்ளே பருத்தி உறை வேண்டும், பின்னல் கண்ணிகளில் குட்டியின் நகம் மாட்டக் கூடாது. இதெல்லாம் தெரியாமல் கம்பளியில் பின்னி அனுப்பினால் உபயோகமில்லை. சில வாரத்திலேயே தைப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

அதே சமயம் விலங்குகளுக்குக் கொடுத்த பணம் நன்றாகவே வேலை செய்தது. நியூ சவுத் வேல்ஸின் போர்ட் மக்வாரியில் கோலாக்களுக்கென்றே ஒரு மருத்துவமனை உண்டு. காட்டில் தண்ணீர்த் தொட்டி வைக்க 25,000 டாலர் கேட்டார்கள். வந்தது 70 லட்சத்துக்கு மேல். எதிர்பாராமல் வந்த பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்பதை அப்போதைக்கப்போது பக்கத்திலேயே எழுதினார்கள். மற்ற பகுதிகளுக்கும் தொட்டி, காட்டுக் கோலாக்களுக்கு இனப்பெருக்கத் திட்டம். பார்பர் விஷயத்தில் நடந்த சண்டை இங்கே நடக்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கிரிக்கெட்காரர்கள் கொடுத்தது எல்லாம் விளம்பரம்தானே?

விளம்பரமாகவே இருக்கட்டும், பணம் வந்ததே! ஷேன் வார்ன் தன் பச்சைத் தொப்பியை ஏலம் விட்டார். டெஸ்ட் விளையாடும் ஆஸ்திரேலியருக்கு அந்தத் தொப்பி என்னவென்று உங்களுக்குத் தெரியும். 10,07,500 டாலருக்குப் போனது, பிராட்மேன் தொப்பிக்குக் கிடைத்ததைவிட அதிகம். வாங்கியது ஒரு வங்கி. பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு.

2020 பிப்ரவரி 9 அன்று மெல்பர்ன் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில் தீ நிவாரணத்துக்காகப் பத்து ஓவர் ஆட்டம். பாண்டிங் அணி ஒரே ஓட்டத்தில் ஜெயித்தது. யாருக்கும் ஞாபகம் இருப்பது அது இல்லை. இடைவேளையில் சச்சின் மட்டையோடு இறங்கி, ஆஸ்திரேலியப் பெண்கள் அணியின் எல்லிஸ் பெர்ரி வீசிய முதல் பந்தையே எல்லைக்கு அனுப்பினார். தோள் வலிக்கு விளையாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், ஒரு ஓவர் மட்டும். என் பக்கத்து வீட்டுக் குஜராத்தித் தாத்தா அந்த ஒரு ஓவருக்காக இருநூறு டாலர் கொடுத்தார்.

சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? நம்மால் முடிந்தது அதுதானே.

ஆசை சரி, வழி முக்கியம். வீட்டில் சமைத்த சாப்பாட்டை நிவாரண மையங்களில் பொதுவாக வாங்க மாட்டார்கள். பசியோடு இருக்கும் இருநூறு பேருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆனால் 2019 கடைசியில் விக்டோரியாவின் பெர்ன்ஸ்டேலில் நடந்ததைப் பாருங்கள். மெல்பர்னிலிருந்து சீக்கியத் தன்னார்வலர்கள் தங்கள் சமையல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். அனுமதி பெற்ற வண்டி, வருடம் முழுக்க இதே வேலை செய்து பழகியவர்கள். ஊரில் இருந்த இந்திய உணவகம் ஒன்றும் கைகொடுத்தது. ஊரைவிட்டு வந்தவர்களுக்குச் சுடச்சுடச் சோறும் கறியும். சைவம்தான், யாரும் குறை சொல்லவில்லை. நம் சங்கங்களும் இதைச் செய்யலாம், ஆனால் அனுமதிக் காகிதங்களைத் தீ வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பணம் இல்லை, நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வேலி போடலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆட்டுப்பண்ணையில் தீ புகுந்தால் முதலில் போவது வேலி. மரக் கம்பம் எரிந்து, கம்பி சூட்டில் தளர்ந்து தரையில் கிடக்கும். வேலி இல்லாமல் தப்பிய ஆடுகளை எங்கே அடைப்பது? 2009 தீக்குப் பிறகு விக்டோரியாவின் கில்மோர் ஈஸ்ட் என்ற ஊரில் ஒரு விவசாயத் தம்பதி, பட்லர் என்பது குடும்பப் பெயர், தங்கள் வேலியைக் கட்ட ஆள் தேடினார்கள். வந்த தன்னார்வலர்கள் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். அப்படியே அடுத்த பண்ணை, அதற்கடுத்த பண்ணை. அதுதான் பிளேஸ்எய்ட். பெரும்பாலும் கேரவனோடு வரும் ஓய்வு பெற்றவர்கள். ஊர் மைதானத்தில் முகாம், காலையில் கம்பியும் குறடுமாகக் கிளம்பினால் மாலை வரை வேலை.

நான் ஒரு வார இறுதி போயிருக்கிறேன். எரிந்த முள்கம்பியைச் சுருட்டுவதிலேயே முதல் நாள் போய்விட்டது. கையுறையைத் தாண்டிக் கரி உள்ளே ஏறும், நகக்கண் மறுநாள் ஆபீஸிலும் கறுப்பாக இருந்தது. விவசாயி பகல் முழுக்க அதிகம் பேசவில்லை. தேநீர் நேரத்தில் மட்டும், எந்த இடத்தில் எத்தனை ஆட்டைச் சுட வேண்டியிருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார்.

எப்போது கொடுப்பது நல்லது?

எல்லோரும் மறந்தபிறகு. நான் இப்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கை உடனே கொடுத்துவிட்டு, மீதியை ஒரு வருடம் கழித்துக் கொடுக்கிறேன்.

காரணம் இருக்கிறது. இடிபாட்டை அள்ளவே மாதங்கள் ஆகும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், சும்மா வாரிப் போட முடியாது. அப்புறம் அனுமதி. 2009க்குப் பிறகு கட்டட விதிகள் இறுகிவிட்டன. மனைக்குத் தீ ஆபத்து எவ்வளவு என்று தரம் போடுவார்கள். மேல்தரத்தில் வந்தால் கண்ணாடி, கதவு, கூரை எல்லாமே தீயைத் தாங்குகிற வகையாக இருக்க வேண்டும். பழைய வீட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸ் புது விதிப்படி கட்டப் போதாது. அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

நஷ்டஈடு வழக்கும் அப்படித்தான். கறுப்புச் சனியன்று மின்கம்பி அறுந்து பற்றிய கில்மோர் ஈஸ்ட் தீக்கு, கிட்டத்தட்ட 50 கோடி டாலருக்குச் சமரசம் ஆகி நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது 2014இல். பணம் மக்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது 2016 முடியப்போகிறது. தீ நடந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அப்போது எட்டாம் வகுப்பு.

பத்து இருபது டாலர் கொடுத்து என்ன ஆகப் போகிறது?

பார்பர் திரட்டிய 5.1 கோடியை, கொடுத்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஐம்பது டாலருக்குக் கீழேதான் வரும்.

எரிந்த ஊருக்குப் போய்ப் பார்க்கலாமா? வேடிக்கை பார்த்த மாதிரி ஆகாதா?

தீ எரியும்போதும் சாலை மூடியிருக்கும்போதும் போகக் கூடாது. இடிந்த வீட்டு முன் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. மற்றபடி, ஊர்க்காரர்கள் வாருங்கள் என்று சொன்னதும் போங்கள். விக்டோரியாவின் கிழக்கு கிப்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸ் தெற்குக் கடற்கரையும் கோடை விடுமுறைக் கூட்டத்தை நம்பி வருடம் முழுக்க வாழும் ஊர்கள். 2020 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடு எரியாத மோட்டல்காரருக்கும் அந்த வருடச் சம்பாத்தியம் எரிந்துவிட்டது. அவருக்கு எந்த நிதியிலும் பெயர் இல்லை. அப்போதுதான் ‘காலி எஸ்கி’ என்று ஒரு இயக்கம் கிளம்பியது. எஸ்கி என்றால் இங்கே ஐஸ்பெட்டி. பெட்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு போங்கள், அங்கேயே வாங்கி நிரப்புங்கள் என்றார்கள்.

நாங்கள் பிப்ரவரி கடைசியில் கிழக்கு கிப்ஸ்லாந்தில் இருக்கும் லேக்ஸ் என்ட்ரன்ஸ் போனோம். வழக்கமாக வீட்டிலிருந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகிற குடும்பம் நாங்கள். அன்றைக்கு அம்மாவுக்கு அதை விளக்குவதே பெரும்பாடு. மீன்கடையில் மதியம் ஒன்றரை மணிக்கு நாங்கள்தான் மூன்றாவது மேஜை என்றார் கடைக்கார அம்மா. அம்மா சைவம். அவருக்கு வறுத்த உருளைக்கிழங்கு மட்டும் சொன்னோம், கடைக்கார அம்மா இரண்டு பங்கு வைத்து ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார். தேன், எலுமிச்சை, தக்காளி, இரண்டு பாட்டில் ஜாம், அப்புறம் யாருக்கும் தேவைப்படாத ஒரு மர ஸ்பூன் எல்லாம் வாங்கிப் பெட்டியை நிரப்பிக்கொண்டு, பெட்ரோலையும் அங்கேயே போட்டுக்கொண்டு திரும்பினோம். மூன்று வாரத்தில் கொரோனா வந்து எல்லாச் சாலையையும் மறுபடி காலி செய்தது.